படகிறக்கியல்: புளியந்தோப்பு வழக்குக்கு ஓர் உரை

பாயிரம்

வண்டியில் ஏற்றி வந்த சிறுபடகை, படகுக்கும் வண்டிக்கும் ஆளுக்கும் சேதமில்லாமல் தண்ணீரில் இறக்குவது எப்படி என்று சொல்லும் நூல்கள் உலகில் ஏராளம். அமெரிக்கர் எழுதியிருக்கிறார்கள், ஆஸ்திரேலியர் எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் ஏரிக்கரையில் அல்லது கடலோரத்தில் நின்றுகொண்டு எழுதியவர்கள். கடலிலிருந்து சுமார் 3 கி.மீ. உள்ளே, வடசென்னைப் புளியந்தோப்பில், ஆட்டுத்தொட்டி என்னும் இறைச்சிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருமுனையில், ஒரு கையில் குடையும் மறு கையில் கயிறுமாக நின்று எழுதியவர் எவரும் என் கண்ணில் படவில்லை. அக்குறை நீக்க வந்தது இந்நூல். நூற்பாவும் நானே செய்தேன், உரையும் நானே எழுதினேன். ஆகையால் நூலாசிரியர் கருத்து உரையாசிரியருக்கு விளங்காத இடங்கள் குறைவு. அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை.

பாயிரத்தில் எல்லை சொல்வது மரபு. வடக்கே வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை, தெற்கே சூளை, மேற்கே ஓட்டேரி, கிழக்கே பேசின் பாலத்து ரயில் தண்டவாளம். இதற்குள் வழங்குவதே இந்நூலில் வழக்கு எனப்படும். காலம் ஐப்பசியும் கார்த்திகையும். 2021 நவம்பர் மழை ஐப்பசியில் வந்தது. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் கார்த்திகையில் வந்தன. ஆகவே மார்கழியைச் சேர்க்கவில்லை, மார்கழி கோபித்துக்கொள்ளாதிருக்கட்டும். நூலைக் கேட்கத் தகுந்தவர் படகுக்காரர், ஓட்டுநர், கிளீனர், மொட்டைமாடியில் நின்று யோசனை சொல்பவர் ஆகிய நால்வர். நூலின் பயன் நனையாமை என்று யாரும் நினைக்க வேண்டாம். கவிழாமை மட்டுமே.

நீரினை நாடிப் படகுசெலல் பிறர்வழக்கு
படகினை நாடி நீர்வரல் இவண்வழக்கு.

இந்நூற்பா என்ன சொல்ல வந்ததோ எனின், பிற ஊரையும் புளியந்தோப்பையும் பிரித்துக் காட்ட வந்தது. பிற ஊர்களில் காருக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டி, அதன்மேல் படகை வைத்து, தண்ணீருக்குள் இறங்கும் கான்கிரீட் சறுக்கில் பின்னோக்கி விடுவார்கள். டிரெய்லரின் சக்கரம் முழுகும் அளவு போனதும் படகின் பின்பக்கம் தானே மிதக்கத் தொடங்கும். லேசாகத் தள்ளினால் பிரிந்துவிடும். அங்கே தண்ணீர் ஓரிடத்தில் இருக்கிறது, வண்டிதான் அசைகிறது. இங்கே வண்டி தெருமுனையில் நிற்க, தண்ணீர் அதைத் தேடி வருகிறது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் இறங்குதுறை பத்து வீடு தள்ளிப் போயிருக்கும். எந்த இடத்தில் இறக்கலாம் என்று முதல்நாள் மாலையே போய்ப் பார்த்துவைத்த முன்யோசனைக்காரர், மறுநாள் அந்த இடத்தைப் படகில் போய்த்தான் பார்க்க முடியும்.

இது வெள்ளம் கொண்டுவந்த புதுப்பழக்கம் என்பாரும் உளர். அவர் பேசின் பாலத்துக்கு அப்பெயர் வந்த காரணம் அறியார். 1806-இல் பேசில் கோக்ரேன் என்பவர் தம் பணத்தைப் போட்டு, சென்னையிலிருந்து எண்ணூர்ப் பக்கம் வெட்டத் தொடங்கிய கால்வாய்தான் பின்னாளில் வளர்ந்து, ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை 420 கி.மீ. நீண்டது. 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்கள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து 8 கி.மீ. வெட்டினார்கள். அதற்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது. பிறகு முழுக் கால்வாயுமே பக்கிங்காம் ஆனது. பஞ்சத்தில் மண் சுமந்தவர் பெயர் எந்தத் துண்டுக்கும் வைக்கப்படவில்லை என்பது இந்நூலுக்குப் புறம்பான செய்தி, ஆனாலும் எழுதிவைக்கிறேன். உப்பும் விறகும் ஏற்றிக்கொண்டு வந்த படகுகள் ஒதுங்கி நின்ற தேக்கம் இருந்த இடம்தான் பேசின் பாலம். ஆகப் படகு இந்த வட்டாரத்துக்கு விருந்தாளி அன்று, பழைய குடித்தனக்காரர். வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போனவர், மழைக்காலத்தில் வந்து எட்டிப்பார்க்கிறார்.

படகிறக்குவதில் சென்னையின் தொன்மையும் குறைந்ததன்று. துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டுக்கொள்ள, ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். ஆணியே அடிக்காமல் தென்னை நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்தவை. அலை மோதினால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். துறைமுகம் கட்டத் தொடங்கிய சில ஆண்டுகளில், 1881 புயல் அதன் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்துப் போட்டது. தைத்த படகு தாங்கிய கடலைக் கட்டிய சுவர் தாங்கவில்லை. நூறு ஆண்டு கழித்தும் இந்தத் தலைவலி தீர்ந்துவிடவில்லை. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் வல்லுநர்கள், மணலிலிருந்து அலைக்குள் இறக்கி மறுபடி மணலில் ஏற்றத் தோதான படகுகளை வரைந்தும் கட்டியும் பார்த்தார்கள். மணல், அலை இரண்டையும் ஆராய்ந்தவர்கள் தார்ச்சாலையை ஆராயாமல் விட்டது நமக்கு வாய்ப்பாயிற்று.

சரிவே துறைக்குத் தலையாம் உறுப்பே
சரிவிலா ஊரில் வாசலே சரிவே.

உலகத்து இறங்குதுறைகளுக்கு 100 அடி நீளத்துக்கு 12 முதல் 15 அடி வரை தாழ்வு வைக்கிறார்கள். அதற்குக் குறைந்தால் படகு மிதப்பதற்குள் இழுத்து வந்த காரின் பின்சக்கரமும் முழுகிவிடும். கூடினால் ஈரப்பாசியில் சக்கரம் பிடிப்பு விட்டு, படகோடு காரும் போய்ச் சேரும். ஆக எல்லாம் சரிவில் இருக்கிறது.

புளியந்தோப்பில் சரிவு கிடையாது. சென்னையே கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே தட்டையாகக் கிடக்கிற ஊர். இங்கே பெய்யும் மழை ஓட்டேரி நல்லா என்னும் ஓடையில் இறங்கி, அது பேசின் பாலத்துப் பக்கம் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கால்வாய் கூவத்தோடும் எண்ணூர்க் கழியோடும் பேசி முடித்து, பிறகு கடலுக்குப் போக வேண்டும். அமாவாசை, பௌர்ணமியில் கடல் ஏறி நின்றால் வாங்கிக்கொள்ள ஆளில்லை. தண்ணீர் தெருவிலேயே குந்திக்கொள்ளும். இந்நூலின் உயிர்நிலை இங்கேதான் இருப்பதால் கேட்போர் சற்றுக் குடையைத் தாழ்த்திவிட்டுக் கவனிக்க. தண்ணீர் எந்தக் காரணத்தால் வடியவில்லையோ, அந்தக் காரணத்தால்தான் படகும் வழுக்கவில்லை. சரிவுள்ள தெருவில் தண்ணீர் நிற்காது. அங்கே படகுக்கு வேலை இல்லை. தண்ணீர் நிற்கிற தெருவில் படகுக்கு வேலை உண்டு, இறக்கத்தான் வழியில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் சாலை போட்டவர்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. பல தெருக்களில் அந்த விதியும் அடியில் ஓர் அடுக்காகக் கிடக்கிறது. அடுக்குமேல் அடுக்காகத் தெரு வளர, வீடு மட்டும் கட்டிய உயரத்திலேயே நின்றுவிட்டது. தாத்தா காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குப் பேரன் இரண்டு படி இறங்கிப் போகிறான். அந்தப் படியிலும் மோட்டார் சைக்கிள் ஏற்றி இறக்கச் சிமெண்டுச் சறுக்கு பூசிவிட்டார்கள். அச்சறுக்கை அளந்து பார்க்க: 100-க்கு 15-ஐச் சாதாரணமாகத் தாண்டும். உலகத் தரத்தை மிஞ்சிய ஓர் இறங்குதுறை, வீட்டுக்கு ஒன்று வீதம், எந்தத் திட்ட அறிக்கையும் இல்லாமல் கட்டி முடிக்கப்பட்டிருக்கிறது.

அஃது வீட்டுக்குள் போகும் சரிவாயிற்றே, படகு தெருவில் அல்லவோ போக வேண்டும் என்று மறுப்பார்க்கு விடை: மீட்க வேண்டிய ஆயா எங்கே இருக்கிறார்? உள்ளே, கட்டில்மேல், கட்டில் செங்கல்மேல். ஆகச் சரிவின் திசை சரியே.

சரிவுக்கு அடுத்தது ஆழம். ஆர்க்கிமிடீஸ் கணக்குப்படி, ஒரு டன் எடையுள்ள பைபர் படகில் ஒரு டன் ஆட்கள் ஏறினால் 2,000 லிட்டர் தண்ணீரை அது ஒதுக்கியாக வேண்டும். முப்பது அடிப் படகின் அகலத்தையும் வயிற்றையும் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் தண்ணீர் போதும். காசிமேட்டு மீனவர் இதைக் கணக்கில்லாமலே சொல்லிவிடுவார்: முட்டித்தண்ணிக்குக் கொறஞ்சா போட்டு வேணாம், நடந்தே வா.

இங்கே அளவைச் சிக்கல் ஒன்று எழுகிறது. இவ்வட்டாரத்து ஆழ அளவைகள் கணுக்கால், முட்டி, தொடை, இடுப்பு, மார்பு என ஐந்து. எவர் முட்டி என்பது வரையறுக்கப்படவில்லை. தொலைபேசியில் உதவி கேட்பவர் தம் குழந்தையின் இடுப்பைச் சொல்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு வரும் படகுக்காரர் தம் இடுப்பை நினைத்து முப்பது அடிப் படகோடு வந்து தரை தட்டுகிறார். தொலைக்காட்சி நிருபரின் இடுப்பு தனி அளவை. அவர் தெருவிலேயே பள்ளமான இடத்தைத் தேடிப் பிடித்து நிற்பவராதலால் அவர் இடுப்பு பிறர் முட்டிக்குச் சமம். உரையாசிரியர் கருத்து, முட்டியை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளைக் கொள்க என்பது. சக்கர நடு முழுகினால் ரப்பர்ப் படகு, சீட்டு முழுகினால் பைபர் படகு, கண்ணாடி மட்டும் தெரிந்தால் எந்தப் படகும், உடனே.

பின்வரும் வண்டிக் கொருகுரல் கண்ணே
பலகுரல் சேரின் மின்கம்பம் துணையே.

வண்டி என்றது மூவகை வண்டியையும். லாரி, குட்டியானை, மீன்பாடி.

லாரி பெரும்படகுக்கு உரியது. 2015-இல் கடற்கரைக் குப்பத்து மீனவர்கள் தங்கள் பைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வெள்ளத்தில் கிடந்த தெருக்களுக்குள் வந்தது இம்முறையில்தான். அடியில் பழைய டயர்களைப் போட்டு, அணியம் என்னும் முன்மூக்கைக் கேபின் பக்கம் வைத்து, வாலைப் பின்னால் நீட்டிவிட்டுக் கட்டுவார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் வாலுக்குச் சிவப்புத் துணி கட்டுவது சாலை விதி. அதைப் பார்க்கப் பின்னால் வண்டி வராது என்பது வெள்ள விதி. குட்டியானை 2005-இல் சந்தைக்கு வந்த சிறுவண்டி, தட்டு ஏழடிக்குக் கொஞ்சம் கூட, 750 கிலோ தாங்கும். ரப்பர்ப் படகுக்கும் சின்னப் பைபருக்கும் அது போதும்.

மூன்றில் தலையாயது மீன்பாடி வண்டி. இதை நடுநிலையோடுதான் சொல்கிறேன். உலகமெங்கும் படகிறக்குபவரை அழவைப்பது ரிவர்ஸ். டிரெய்லர் பின்னால் வருவதால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் அது இடப்பக்கம் போகும். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள், டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்து என்பது அவர்கள் கண்டுபிடித்த உபாயம். மீன்பாடியில் சுமை முன்னால், ஓட்டுபவர் பின்னால். தண்ணீரைப் பார்த்தபடியே நேராகப் போய், சுமையைத் தண்ணீரில் விட்டுவிட்டு, இவர் உலர்ந்த பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். படகிறக்குவதற்கென்றே யோசித்துச் செய்த வண்டியில் மீனை ஏற்றிக்கொண்டு திரிகிறோம்.

இனி ரிவர்ஸ். உலகத்தில் எவர்க்கு இது கடினமாயினும் வடசென்னைக்கு இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குக் காத்துக் கிடக்கும் 40 அடிக் கன்டெய்னர் டிரெய்லர்களைப் பார்த்தவர் இதை மறுக்கமாட்டார். இரண்டு டீக்கடைக்கும் ஒரு பிள்ளையார் கோயிலுக்கும் நடுவே அதைப் பின்னோக்கிச் செருகி, சுண்ணாம்பு உதிராமல் நிறுத்துபவர்கள் அவர்கள். அவர்களுடைய கண் இருக்கும் இடம் கண்ணாடி அன்று, கிளீனர். அதைத்தான் நூற்பா ஒருகுரல் கண் என்றது. அவர் சொற்களுக்கு வரிசை உண்டு: “வர்ட்டும்… வர்ட்டும்… லெஃப்ட் ஒட்ச்சி வாங்குணா… ஸ்டெய்ட்டு… ஸ்டெய்ட்டு… ஓல்டேய்!” இறுதிச் சொல்லின் நீளம் மிச்சமிருக்கும் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். சுவர் நெருங்க நெருங்க ஏகாரம் நீளும். வாய்க்குப் பதில் கை வரும்போது, லாரியின் உடம்பில் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. இடி ஒரு தட்டாகக் கொள்ளப்படுமோ எனின், படும், நின்றுவிடுவதால் கேடில்லை. அடுத்தடுத்து இரண்டு இடி இடித்தால் ஓட்டுநர் தம் அறிவைப் பயன்படுத்துக.

கேடு எங்கே வருகிறது? மொட்டைமாடியில். வெள்ளத் தெருவுக்கு லாரி வந்தால் இருபுறமும் மாடிகள் நிரம்பும். இவர்களில் லாரி ஓட்டத் தெரியாதவர் இருக்கலாம், ஓட்டச் சொல்லத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஓர் அக்கா, “ரைட்ல வா நைனா, ரைட்ல!” என்பார். அவர் வலப்பக்கம் ஓட்டுநருக்கு இடப்பக்கம். எதிர்மாடிப் பெரியவர், “அப்டியே வுடு, வெளம்பரப் பலகைதான், பூடும்” என்பார். அது அவர் பலகையாக இராது. ஒரு பையன் “ஓல்டு ஓல்டு” என்று விளையாட்டுக்குக் கத்துவான். இந்நிலையில் ஓட்டுநர் செய்யத்தக்கது ஒன்றே. தாம் ஏற்கும் குரல் எதுவென்று முன்பே பேசிவைத்து, மற்றக் குரல்களையெல்லாம் மழைச்சத்தத்தில் சேர்த்துவிடுக. கிளீனர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் அந்தக் கணமே வண்டி நிற்க வேண்டும். அவர் எங்கே போனார் என்பது பிறகு. வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் போயிருந்தால் பிறகு என்பதே இல்லை.

ஆகவே வண்டி பின்வரும்போது பின்னால் எவரும் நில்லற்க, படகுக்குள் எவரும் குந்தற்க. ஓட்டுநர் ஜன்னலை இறக்கிவிட்டு, சீட்பெல்ட்டைக் கழற்றிவைத்துக் கொள்க. வண்டி பள்ளத்தில் சாய்ந்தால் வெளியே வர வேண்டும். நின்றதும் கைப்பிரேக், கியர், சக்கரத்துக்குக் கல், இம்மூன்றும் வேண்டும். கல் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர் இவ்வூரார் அல்லர். திரும்பிப் போகும்போது பிரேக் டிரம்முக்குள் தண்ணீர் இருக்கும். மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துக் காயவைத்த பிறகே பெரிய தெருவில் ஏறுக.

அவிழ்ப்பன அவிழ்த்தும் அவிழா தனபற்றியும்
தக்கை இட்டபின் தள்ளுக படகே.

அவிழ்ப்பன என்றது படகை வண்டியோடு பிணைத்த கயிறுகளை. வண்டி நின்று கல் போட்ட பிறகே அவிழ்க்க வேண்டும். வேகத்தைக் காட்ட ஓடும் வண்டியிலேயே அவிழ்த்து, படகைத் தார்ச்சாலையில் இறக்கிக் காட்டியவர்கள் உலகெங்கும் உண்டு. அவிழாதது என்றது அணியத்துக் கயிற்றை. படகு தண்ணீரைத் தொட்ட கணத்தில் எடை போய்விடும். பத்துப் பேர் தூக்கிய பொருளை ஒரு சின்னக் காற்று எடுத்துக்கொண்டு போகும். கயிற்றின் மறுமுனையில் ஒருவர் நிற்க வேண்டும், அவர் செல்போனில் வீடியோ எடுப்பவராக இருக்கக் கூடாது.

தக்கை என்றது படகின் பின்பக்கத்து அடியில் உள்ள ஓட்டையை அடைப்பதை. படகு வண்டியில் இருக்கும்போது மழைத்தண்ணீர் வடிய அதைத் திறந்துவைப்பார்கள். மழைத்தண்ணீர் வெளியே போகும் அதே வழியில் வெள்ளத்தண்ணீர் உள்ளே வரும் என்பதை, படகு நடுத்தெருவுக்குப் போனபிறகு நினைவுகூர்வது மனித இயல்பு. தக்கை இல்லாதபோது பழந்துணியை முறுக்கிச் செருகுக. பட்டு வேண்டாம், வழுக்கும்.

என்ஜினைப் படகோடு சேர்த்து இறக்காமல் தனியே இறக்கி, மிதந்த பிறகு மாட்டுக. அவுட்போர்டின் தண்டு குட்டையானதே 15 அங்குலம், நீளமானது 20 அங்குலம். மேலே சொன்ன முட்டித்தண்ணீரில் அது வேகத்தடையைச் சந்திக்காமல் வராது. வேகத்தடை போட்டவர் இவ்வளவு தொலைநோக்கோடு போட்டிருப்பார் என்று எவரும் நினைத்திருக்கமாட்டார். ஆகவே தெருவுக்குள் என்ஜினைத் தூக்கிவைத்துவிட்டுக் கழி ஊன்றிப் போவதும், பக்கத்தில் நடந்து தள்ளிப் போவதுமே வழக்கு. துணிக்கொடி, கேபிள் ஒயர், மிதக்கும் சேலை மூன்றும் சுற்றுவதற்கு என்ஜின் விசிறியைத் தேடிக்கொண்டிருக்கும்.

இவ்விடத்தில் உரையாசிரியர் சிரிப்பை நிறுத்திச் சொல்ல வேண்டியவை இரண்டு. முதலாவது மின்சாரம். தெருவின் மின்பெட்டி தண்ணீரில் நிற்குமானால், மின்வாரியத்தார் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள் என்று உறுதியாகத் தெரியாமல் ஒரு கால்கூடத் தண்ணீரில் வைக்கக் கூடாது. மாடிவீடுகளில் விளக்கு எரியவில்லை என்பது உறுதி ஆகாது. இரண்டாவது திறந்த மேன்ஹோல். தண்ணீர் வடியட்டும் என்று நல்ல எண்ணத்தோடு மூடியைத் தூக்குவார்கள். ஒரு மரக்கிளையை அல்லது பிளாஸ்டிக் நாற்காலியை அடையாளம் வைப்பார்கள். தண்ணீர் ஏற, நாற்காலி மிதந்து போய்விடும். படகு அந்தப் பள்ளத்தில் விழாது. படகைத் தள்ளிக்கொண்டு நடப்பவர் விழுவார். ஆகவே படகுக்கு முன்னால் கழியால் தட்டிக்கொண்டே ஒருவர் போக வேண்டும், அவரும் ஒரு கையால் படகைப் பற்றியிருக்க வேண்டும்.

ஏறுவோர் முறை: முதியோர், பிள்ளைத்தாய்ச்சி, குழந்தைகள். இதில் கருத்து வேறுபாடு இல்லை. நாலாவதாக யார் என்பதில் ஆடு, ரேஷன் கார்டு, கேஸ் சிலிண்டர் என மூன்று கட்சிகள் உண்டு. இவ்வூர் ஆட்டுத்தொட்டிக்கு அண்மையது என்பதால் ஆட்டின் கட்சி கேட்பாரற்றது. ஏறினவர் ஏறின இடத்திலேயே கீழே உட்கார வேண்டும். “குந்துமா, மொதல்ல குந்து!” என்று படகுக்காரர் அதட்டுவது மரியாதைக் குறைவு அன்று, புவியீர்ப்பு மையத்தைத் தாழ்த்தும் முறை. தம்மை ஏற்றிய படகோடு தம்மைப் படமெடுக்க எழுந்து நிற்பவர் பற்றி நூற்பா செய்ய மனம் வரவில்லை.

படகு உயரம், ஏறுபவர் இடுப்பளவுத் தண்ணீரில், படி எங்கே? 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் அறுநூறுக்கும் மேற்பட்ட படகுகளோடு, பலரும் லாரிகளில் ஏற்றிக்கொண்டு, உள்நாட்டு ஊர்களுக்குள் போனார்கள். மலப்புறத்தில் பெண்கள் ரப்பர்ப் படகில் ஏற முடியாமல் நிற்க, ஒருவர் தண்ணீரில் குனிந்து தம் முதுகையே படியாகக் கொடுத்தார். நாடே பார்த்த காட்சி. நம் தெருவில் அவ்வளவு பெரிய மனம் கைவசம் இல்லாத வேளையில் மோட்டார் ரூமின் இரும்பு ஸ்டூல் உதவும். மிதவைச் சட்டை எல்லோருக்கும் போதாதபோது மூடி இறுக்கிய 20 லிட்டர் காலித் தண்ணீர்க் கேன் ஒன்று ஏறக்குறைய 20 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும். பெரியவர் ஒருவரின் தலையைத் தண்ணீருக்கு மேலே வைக்க 7 கிலோ மிதப்பே போதும் என்பதால் ஒரு கேன் ஒருவருக்குத் தாராளம். கேன் கடைக்காரர் டெபாசிட் கேட்பாரோ எனின், கேட்பார்.

இறக்கும் பொழுதே ஏற்றுதல் நினைக்க
வடிந்தபின் படகு வழிமறி கல்லே.

இறக்கியவர் எல்லோரும் மறப்பது இது. டீசல் மோட்டார்கள் இரவெல்லாம் இறைக்கும், கடல் இறங்கும், ஓட்டேரி நல்லா வாங்கத் தொடங்கும். நேற்று இடுப்பளவு இருந்த தெரு காலையில் கணுக்காலுக்கு வந்திருக்கும். ஒரு டன் படகு நடுத்தெருவில் உட்கார்ந்திருக்கும். மிதக்கும்போது இரண்டு பேர் தள்ளியதைத் தூக்க இப்போது இருபது பேர் வேண்டும். வெள்ளத்தில் “வா ராசா” என்று வரவேற்ற தெரு, வடிந்த மறுநாள் “யார்ரா இத்த இங்க வுட்டது” என்று கேட்கும். மதியத்துக்குள் அதன்மேல் துணி காயும், மாலைக்குள் அடியில் நாய் குட்டி போடும், மறுநாள் ஆட்டோக்காரர் அதை அடையாளமாகச் சொல்லி முகவரி கேட்பார். எனவே தெருவில் ஒரு வாசல்படியைக் குறித்துக்கொண்டு, அந்தப் படி வெளியே தெரியத் தொடங்கியதும் லாரிக்குச் சொல்லி அனுப்புக. மீட்டுக் கொடுத்தவரின் படகை மீட்கும் கடமை தெருவாருக்கு உண்டா என்பதில் வழக்கு இன்னும் நிலைபெறவில்லை. உரையாசிரியர் உண்டென்னும் கட்சி.

புறனடை

கூறா தொழிந்த குறைபல உளவேல்
தெருவார் வாய்வழித் தெரிந்துகொள் ளுகவே.

கூறாதொழிந்தன யாவையோ எனின்: இறக்கி ஏற்றிய பிள்ளைகளுக்கு டீ யார் செலவு என்பது, படகுக்காரர் வேண்டாம் என்று சொன்ன டீசல் காசை எத்தனை முறை வற்புறுத்திக் கொடுக்க வேண்டும் என்பது, இடித்த விளம்பரப் பலகைக்குப் பொறுப்பு ரைட்டில் வரச் சொன்ன அக்காவா, பூடும் என்ற பெரியவரா என்பது, தெருவின் கழிவுநீரும் எண்ணெயும் படிந்த பைபரைக் காசிமேட்டுக்குத் திருப்பி அனுப்புமுன் எந்தச் சோப்பால் கழுவுவது என்பது. பிறவும் அன்ன.